ஒரு முறம் தவிடு

கரடிக்கொம்பை எஸ்டேட்டில் பூவுக்குக் குளிரும், மனுசருக்குக் குளிராது. அப்படித்தான் பங்களாவில் முடிவு செய்திருந்தார்கள். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் தகரக் கூரை போட்ட லைன் வீடுகளில், மார்கழி பிறந்துவிட்டால், பனி கூரைக்கு உள்பக்கமே சொட்டுச் சொட்டாகக் கோத்து நின்று விடிகாலையில் படுத்திருப்பவர் மூக்கின் மேல் விழும். அதற்கு எந்தக் காலத்திலும் யாரும் எதுவும் செய்ததில்லை. ஆனால் பங்களாவுக்கு அடியில், முன்னொரு காலத்தில் வெள்ளைக்காரத் துரை சாராயப் பீப்பாய் அடுக்கி வைத்திருந்த கீழறையில், முதலாளி ரத்தினசபாபதி வளர்த்த இருநூற்றுப் பன்னிரண்டு தொட்டி ஆர்க்கிட் செடிகளுக்கு மட்டும் காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை வரிசை வரிசையாக டியூப் லைட்டு, மூலைக்கு ஒன்றாக ராப்பகல் எரியும் ஹீட்டர், சுவரில் டிகிரி காட்டும் கண்ணாடிக் குழாய், கரண்டு போனால் அரை நிமிசத்தில் உறுமிக்கொண்டு எழும் ஜெனரேட்டர். பகலிலேயே மூடுபனியில் லைன் முழுக்க இருட்டிக் கிடக்கும்போது அந்த ஒரு அறை மட்டும் வெளிச்சமாக, வெதுவெதுப்பாக, சீமந்தம் நடக்கிற வீடு மாதிரி இருக்கும்.

அந்த அறையில் அம்சவேணிக்கு வேலை. கைப்பம்பால் தண்ணீர் தூவ வேண்டும், பஞ்சு நனைத்து ஒவ்வோர் இலையாகத் துடைக்க வேண்டும், இருபத்திரண்டு டிகிரியிலிருந்து ஒரு கோடு இறங்கினாலும் ஓடிப்போய் மேலே சொல்ல வேண்டும். மண்ணே தொடாமல் கரித்துண்டிலும் தேங்காய் மட்டையிலும் அந்தரத்தில் வேர்விட்டு வாழ்கிற அந்தச் செடிகளை அவள் கண்ணும் கருத்துமாகத்தான் பார்த்துக்கொண்டாள். அவள் பெற்ற முதல் பையன் பதினோரு நாள் இருந்தான். இரண்டாவது பையன் இருபது நாள். இரண்டுமே மார்கழி, இரண்டுமே பதினாலாம் நம்பர் லைன் வீட்டில், இரண்டுமே விடிகிற நேரத்தில் விறைத்துப்போனவை. இரண்டாவதைத் தேயிலைக்குக் கீழே புதைத்துவிட்டு மூன்றாம் நாள் வேலைக்கு வந்து அந்த வெதுவெதுப்பில் நின்று இலை துடைத்தபோது அவளுக்கு இருந்த வயிற்றெரிச்சலில் இன்னொரு ஹீட்டரே எரிந்திருக்கும். ஆனால் வாயைத் திறக்கவில்லை. திறந்து என்ன சொல்வது, பூவைப் பார்த்தா சண்டைக்குப் போக முடியும்?

மூன்றாவது, ஏழாம் மாதமே புறப்பட்டு வந்துவிட்டது. புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்த ஒரு காலை, கையில் பம்போடு நின்றவளுக்கு வலி எடுத்து அங்கேயே தொட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைக் கொட்டகையில் எஸ்டேட் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வெள்ளையம்மா அத்தைதான் இடுப்புச் சேலையை இறுக்கிக்கொண்டு ஓடிவந்து பிள்ளையை எடுத்தாள். பெண். கொழுந்துக் கூடையில் போட்டால் இலைக்குள் தொலைந்துபோகிற அளவு. ஆஸ்பத்திரி நாற்பது கிலோமீட்டர், ஜீப்பு முதலாளியோடு கீழே சமவெளிக்குப் போயிருந்தது.

"லைனுக்குத் தூக்கிட்டுப் போனா வாசப்படி தாண்டாது" என்றாள் வெள்ளையம்மா. ஒரு தட்டில் இருந்த செடிகளை ஒதுக்கினாள், ஈரம் இல்லாத பாசியைப் பரப்பினாள், பிள்ளையை அதில் படுக்கவைத்து நூற்றுப் பதினாலாம் தொட்டிக்கும் நூற்றுப் பதினைந்தாம் தொட்டிக்கும் நடுவே லைட்டுக்கு நேர்கீழே வைத்தாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது.

மறுநாள் முதலாளி வந்தார், குனிந்து பார்த்தார், "ஒரு தொட்டி இடம்தானே, இருக்கட்டும்" என்றார். அடேயப்பா, அந்த ஒரு வார்த்தையை லைன் ஆட்கள் ஒரு மாதம் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். எப்பேர்ப்பட்ட மனசு, எப்பேர்ப்பட்ட மனசு என்று குழாயடியில் பேசிப் பேசியே குடம் நிரம்பியது.

பிறகு வெள்ளையம்மா, பிள்ளையை விற்றுவிட வேண்டும் என்றாள். பதறாதீர்கள், இது நம் ஊரில் எப்போதும் நடக்கிற விற்பனைதான். முன்னே பிறந்தது தங்காத வீட்டில் அடுத்துப் பிறந்ததை ஒரு முறம் தவிட்டுக்கு வேறு யாருக்காவது விற்றுவிடுவார்கள். பிள்ளைகளின் உசிரைத் தூக்கிப் பழகியவன், அவன் பெயரை லைனில் யாரும் சொல்ல மாட்டார்கள், 'வர்றவன்' என்பார்கள், அந்த வர்றவன் வாசலில் வந்து எட்டிப் பார்த்து, இது அவள் பிள்ளை இல்லையே, யாரோ தவிட்டுக்கு வாங்கிய சரக்கல்லவா என்று காறித் துப்பிவிட்டுப் போய்விடுவான். வாங்கியவர் பிள்ளையைக் கையில் வாங்கி, நாலு பேர் முன்னிலையில், "பிள்ளை என்னுது, ஆனா எனக்கு வளர்க்கத் தோதில்லே, எனக்காக நீ வளர்த்துக் குடு" என்று சொல்லிப் பெற்றவள் கையிலேயே திருப்பிக் கொடுப்பார். அன்றிலிருந்து பெற்றவள் வாய்விட்டு 'என் பிள்ளை' என்று சொல்லக்கூடாது. பிள்ளை அவளைச் சித்தி என்றுதான் கூப்பிட வேண்டும். பிள்ளையின் கல்யாணத்தன்று தவிட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் அம்மா ஆகலாம்.

"யாருக்கு விக்கிறது?" என்று கேட்டான் பொன்னுரங்கம், அம்சவேணியின் புருசன், பங்களாவில் வெந்நீர் அடுப்பு பார்ப்பவன்.

"கூரை எவுகளுதோ பிள்ளையும் அவுகளுதா இருந்தாத்தான் வர்றவன் நம்புவான். மொதலாளிக்கு விக்கணும்" என்றாள் வெள்ளையம்மா.

பதினாறாம் நாள் கீழறையில் முப்பது பேர், பூவில் பட்டுவிடாமல் கையைக் கக்கத்தில் கட்டிக்கொண்டு, வரிசையாக நின்றார்கள். முதலாளிக்கு ஒரே குஷி. சவாரிக் குதிரைக்கு வைத்திருந்த தவிட்டில் ஒரு முறம் அளந்து கொண்டுவரச் சொன்னார். அம்சவேணி முறத்தை வாங்கிக்கொண்டு, "எனக்கும் இதுக்கும் ஒட்டுமில்லே, உறவுமில்லே" என்று மூன்று தரம் சொன்னாள், மூன்றாம் தரம் குரல் வரவில்லை, உதடுதான் அசைந்தது, வெள்ளையம்மா அதுவும் சேர்த்தி என்றாள். முதலாளி பிள்ளையைக் கையில் வாங்கினார். எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள்.

அவர் சொல்ல வேண்டிய வார்த்தையை அவருக்கு யாருமே சொல்லித் தந்திருக்கவில்லை. கங்காணி சொல்லியிருப்பார் என்று வெள்ளையம்மா இருந்துவிட்டாள், வெள்ளையம்மா சொல்லியிருப்பாள் என்று கங்காணி இருந்துவிட்டார், பொன்னுரங்கம் வாயைத் திறந்தான், பிறகு மூடிக்கொண்டான். "ஐயா, இப்படிச் சொல்லுங்க" என்று முதலாளிக்கு எடுத்துக் கொடுக்கிற வழக்கம் அந்த எஸ்டேட்டில் கிடையாது, நாலு தலைமுறையில் ஒருவர்கூட அப்படிச் செய்ததில்லை, செய்தவரை எங்கே போய்த் தேடுவது? முதலாளி கொஞ்ச நேரம் சிரித்த முகமாக நின்றார். சடங்கு முடிந்துவிட்டது போல என்று நினைத்து, "சரி, ரொம்ப சந்தோஷம்" என்றார். பிள்ளையைப் பாசித் தட்டிலேயே திருப்பிப் படுக்கவைத்தார். பக்கத்தில் நின்ற கிளார்க்கிடம் எழுதிக்கொள்ளச் சொன்னார். கிளார்க் செடி நோட்டைத் திறந்து இருநூற்றுப் பன்னிரண்டுக்குக் கீழே, 'இருநூற்றுப் பதின்மூன்று, பெண், ஒரு முறம் தவிடு, சாட்சி லைன் ஆட்கள்' என்று முத்து முத்தாக எழுதினான். எல்லாரும் வெற்றிலை போட்டுக்கொண்டு கலைந்தார்கள். பிள்ளைக்குத் தவுடாயி என்று பெயரானது.

நாலாம் மாதம் தவுடாயிக்கு இடது தோளில் மொட்டு வந்தது.

முதலில் பாசிப்பயறு அளவில் பச்சையாக ஒரு முண்டு, கட்டி என்று நினைத்து வெள்ளையம்மா விளக்கெண்ணெய் தடவினாள், எண்ணெய் தடவியதும் அது இன்னும் வேகமாக வளர்ந்து, ஒரு சாண் நீளத் தண்டாக வளைந்து, தண்டில் ஏழு மொட்டு வரிசை கட்டி, சித்திரை முதல் வாரத்தில் ஒவ்வொன்றாக விரிந்தது. வெள்ளைப் பூ, நடுவே மஞ்சளாக ஒரு நாக்கு. பிள்ளைக்கு வலியும் இல்லை, அழுகையும் இல்லை, பால் குடிக்கும்போது தண்டு மட்டும் மெல்ல ஆடும். ஊசி போட வந்த நர்ஸ் தூக்கிப் பார்த்தாள், எடை பார்த்தாள், அட்டையில் பூவுக்கு என்று கட்டம் எதுவும் இல்லாததால் ஓரத்தில் 'பூ ஏழு, நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள்.

லைனில் என்னென்ன பேச்சு! மனுசத் தோளில் பூத்ததை மாரியம்மனுக்குச் சாத்தலாமா கூடாதா என்று இரண்டு வெள்ளிக்கிழமை விவகாரம் நடந்து, தானாக உதிர்ந்தால் சாத்தலாம், பறித்தால் கூடாது என்று பூசாரி தீர்ப்புச் சொன்னார். அதன் பிறகு உதிர்ந்த இதழ் யாருக்கு என்று மூன்றாம் நம்பர் வீட்டுக்கும் எட்டாம் நம்பர் வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில், பேர் வாசித்து முடித்ததும், இன்றைக்கு எத்தனை பூ விரிந்திருக்கிறது என்று கங்காணி சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் பெண்கள் கொழுந்துக்கு நகர மாட்டார்கள். ஊருக்குக் கடிதம் எழுதியவர்கள் எல்லாரும் நலம், மழை பரவாயில்லை, தவுடாயிக்கு இந்தத் தரம் ஒன்பது என்று எழுதினார்கள். தகரக் கூரையை மாற்றிக் கொடுங்கள் என்று யூனியன் செயலாளர் ஒரு மனு எழுதிக்கொண்டு முதலாளியைப் பார்க்க வந்தவர், வந்ததுதான் வந்தோம் பூவையும் பார்த்துவிடுவோம் என்று கீழறைக்கு இறங்கி, அந்த வெதுவெதுப்பில் அரைமணி நேரம் நின்று, ஆகா ஆகா என்று சொல்லி, மனுவை ஒரு தொட்டி மேல் மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். தண்ணீர் தூவும்போது அது நனைந்து ஊறிப்போனது, அம்சவேணிதான் சுரண்டி எடுத்துக் குப்பையில் போட்டாள்.

அடுத்த மார்கழியில் ஒன்பதாம் நம்பர் வீட்டுப் பிள்ளை குளிரில் போய்விட்டது. புதைத்துவிட்டு வந்த பெண்கள் அழுத முகத்தோடு நேராகக் கீழறைக்கு வந்து, தவுடாயியைப் பார்த்து, மனசு ஆறிப்போச்சு தாயி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் மட்டும், "ஐயா, இங்கன இன்னொரு தட்டு போட எடமிருந்துச்சுங்களே" என்று கேட்டாள். காற்றோட்டம் கெட்டுவிடும் என்றார் முதலாளி. அவர் சொன்னது செடி வளர்ப்பில் வாஸ்தவம்தான்.

அம்சவேணி பால் கொடுத்தாள், துடைத்தாள், தோளில் தண்டு ஒடியாமல் படுக்கவைத்தாள், ஆறு மணிக்கு லைட்டு அணைந்ததும் ஹீட்டர் எரிகிறதா என்று பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாள். இரண்டு வயதில் ஒருநாள் மத்தியானம், நல்ல வெயில், கீழறையில் யாருமில்லை, பிள்ளைக்குத் தன் வீட்டைக் காட்டிவிட வேண்டும் என்று ஒரு ஆசை, கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள். குழாயடி வருவதற்குள் தண்டு துவண்டது, எட்டாம் நம்பர் தாண்டும்போது இதழெல்லாம் காபித் தூள் நிறமானது, பதினாலாம் நம்பர் வாசலில் பிள்ளையின் உதடு நீலமாகிவிட்டது. வாசப்படிக்கு இந்தப் பக்கமே நின்று ஒரே ஒரு தரம் உள்ளே எட்டிப் பார்க்க வைத்துவிட்டு, வந்த வழியே ஓட்டமாக ஓடினாள். லைட்டுக்குக் கீழே படுக்கவைத்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் பிள்ளை கண் திறந்தது. அப்புறம் அந்த ஆசையைப் பற்றி அவள் யாரிடமும் பேசவில்லை.

தவுடாயி நடந்தாள், பேசினாள், தொட்டிகளுக்கு நடுவே பாவாடை தட்டாமல் ஓடப் பழகினாள். தினமும் காலையில் பேப்பரும் கையுமாக வந்து தன் முன்னால் நிற்கிற முதலாளியை அப்பா என்று கூப்பிட்டாள். நோட்டில் அப்படித்தானே இருந்தது. அம்சவேணியைச் சித்தி என்று கூப்பிட்டாள். கூப்பிடும்போதெல்லாம் அம்சவேணி இலை துடைக்கிற பஞ்சைக் கீழே வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே, "என்ன சாமி" என்பாள்.

"சித்தி, உங்க வீட்டிலே எத்தனை டிகிரி?" என்று ஒருநாள் கேட்டது பிள்ளை.

"எங்க வீட்டிலே டிகிரி கிடையாது கண்ணு."

"ஐயோ பாவம்" என்றது பிள்ளை. மனசாரத்தான் சொன்னது.

ஐந்தாவது மார்கழியில் அந்தச் செய்தி வந்தது. கீழே நகரத்தில் முதலாளியின் கூட்டாளிகள் ஒரு பெரிய ஹோட்டல் கட்டுகிறார்கள், அதில் கூரை முழுக்கக் கண்ணாடி போட்ட ஒரு மண்டபம், முந்நூறு லைட்டு, வெளிநாட்டு ஹீட்டர், நல்லதாக இருபது தொட்டி அனுப்புங்கள், இருநூற்றுப் பதின்மூன்றையும் அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். முதலாளி சம்மதித்துவிட்டார். வெந்நீர் தூக்கிக்கொண்டு போனபோது காதில் விழுந்ததைப் பொன்னுரங்கம் வந்து சொன்னான். சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான்.

அம்சவேணி பிள்ளைக் கொட்டகைக்குப் போனாள். "ஏன் அத்தை, அன்னைக்கு அந்த ஒரு வார்த்தையை அவருக்குச் சொல்லித் தரலே?"

வெள்ளையம்மா மடியில் தூங்கிய பிள்ளையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். "மொதலாளிக்குப் போய் எப்படிடி சொல்றது?"

"நான் என்னுதுன்னு போய்க் கேக்கப் போறேன்."

"வாயை மூடுடி! வர்றவன் காதுல விழுந்துரப்போவுது. அஞ்சு வருசமா ஏமாந்து நிக்கிறான், இப்பப் போயி நானேதான் பெத்தேன்னு நீயே காட்டிக் குடுப்பியா? எங்கேயோ உசிரோட இருக்கட்டும், விட்டுரு."

"எனக்கு வேணும் அத்தை" என்றாள் அம்சவேணி. "எனக்கு என் பக்கத்துலேயே வேணும்."

அனுப்புகிற அன்று பெரட்டுக் களத்தில் வண்டி நின்றது. மூடின வண்டி, உள்ளே இரண்டு பக்கமும் லைட்டு, ஒரு ஹீட்டர், இருபது தொட்டி, அவற்றுக்கு நடுவே குஷன் வைத்த நாற்காலியில் தவுடாயி, தோளில் பதினோரு பூவோடு. புல்லெல்லாம் உறைபனி. பேர் கூப்பிட வந்த ஜனம் மொத்தமும் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு நின்றது. அம்சவேணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் முதலாளியின் முன்னால் நின்றாள். அவளுக்காக வெள்ளையம்மாதான், நாலு தலைமுறையில் முதல் ஆளாக, வாயைத் திறந்தாள்.

"ஐயா, அன்னைக்குச் சடங்குல நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். எனக்காக நீ வளர்த்துக் குடுன்னு சொல்லி, பிள்ளையை இவ கையில குடுத்திருக்கணும்."

முதலாளி நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள், அவர் எப்போதும் நியாயம் கேட்டுத்தான் நடப்பார். "அப்படியா? அஞ்சு வருசமா ஏன் யாரும் சொல்லலை?" என்றார். ஜனம் சாக்கை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டது. "சரி, சொல்றதா இருந்தா இப்பக்கூடச் சொல்லிடுவேன். எங்கே வெச்சு வளர்ப்பா? அந்தத் தகரத்துக்குக் கீழேயா?"

தகரம் அவருடையதுதான்.

அம்சவேணி பேசினாள். "ஒரு லைட்டும் ஒரு ஹீட்டரும் எங்க வீட்டுக்குக் குடுங்கய்யா. போதும். நான் வெச்சுக்கிறேன்."

"லைன் வீட்டுக்கு ஹீட்டரா?" என்றார் முதலாளி.

கங்காணி சிரித்தார். கங்காணி சிரித்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், பிறகு பின்னால் இருந்தவர்கள், பல் கிட்டித்து நடுங்கிக்கொண்டிருந்த ஜனம், தலையில் பனி விழ விழ, ஹீட்டராம் ஹீட்டர் என்று சிரித்தது. பொன்னுரங்கம் சிரிக்கவில்லை. குனிந்து தன் கால் பெருவிரலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

முதலாளி கையைக் காட்டிச் சிரிப்பை அடக்கினார். "இதோ பாரு அம்சவேணி, எனக்கு யார் வயிற்றெரிச்சலும் வேண்டாம். நோட்டு கிடக்கட்டும். இத்தனை பேர் முன்னாடி கேக்கிறேன், பிள்ளை உன்னுதா? உன்னுதுன்னு ஒரு வார்த்தை சொல்லு, இப்பவே தூக்கிட்டுப் போ."

கைப்பிள்ளைக்காரிகள் எல்லாரும், அந்த வார்த்தை விழுந்துவிடாதபடி, சட்டென்று தங்கள் பிள்ளைகளின் காதைப் பொத்தினார்கள். வெள்ளையம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அம்சவேணி வண்டியைப் பார்த்தாள், பிறகு லைன் பக்கம் பார்த்தாள். பெரட்டுக் களத்திலிருந்து பதினாலாம் நம்பர் வீடு நூற்று முப்பது தப்படி இருக்கும், கொழுந்துக் கூடையோடு ஆயிரம் தரம் நடந்தவள் அவள். என்னுது என்று சொன்னால் அந்த நூற்று முப்பது தப்படிக்குப் பிள்ளை அவளுடையது. எத்தனையாவது தப்படியில் தண்டு துவளும், எத்தனையாவதில் உதடு நீலமாகும் என்றுகூட அவளுக்குத் தெரியும். அவள் மனசார ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அதுவே போதும் என்று நினைத்தாள். பாவி, நினைத்தேனே என்று பின்னால் எத்தனையோ வருசம் அதை எண்ணித் தலையில் அடித்துக்கொண்டாள்.

"என்னுது இல்லீங்கய்யா" என்றாள்.

ஜனம் மூச்சு விட்டது. நல்லவேளை, பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். முதலாளி பெருந்தன்மையாக, "போய் ஒரு தரம் பார்த்துட்டு வா" என்றார்.

அவள் வண்டியின் பின்பக்கம் போனாள். ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து வந்த வெதுவெதுப்பு முகத்தில் பட்டதும் கண்ணில் நீர் கோத்துக்கொண்டு எதுவும் சரியாகத் தெரியவில்லை, வெள்ளையாக ஏதோ தெரிந்தது, நடுவில் மஞ்சள் மஞ்சளாகத் தெரிந்தது. கையை நீட்டினாள். விரலில் இருந்த குளிர் பட்டதும் பிள்ளை தோளை ஒடுக்கிக்கொண்டது. திறந்த கதவு வழியாகப் பனி உள்ளே போய்க்கொண்டிருந்தது, ஓரத்துத் தொட்டி ஒன்றில் இதழ்கள் நடுங்கின.

தவுடாயி அவளைத் தாண்டி முதலாளியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "அப்பா, குளிருது. கதவைச் சாத்தச் சொல்லுங்க."

அம்சவேணி சாத்தினாள்.